தோழியின் தொட்டிலை அவிழ்க்கலாமா?



போத்தனூர்ப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தையைப் பறிகொடுத்து மூன்று மாதம் ஆகிறது. தாய் இன்னும் சேலைத் தொட்டிலை அவிழ்க்கவில்லை. பொழுது சாய்ந்தால் அதை ஆட்டிக்கொண்டு குழந்தையோடு பேசுகிறாள். பக்கத்து வீட்டுத் தோழிக்கு மனசு பொறுக்கவில்லை. கணவரிடம் கேட்கிறாள்:

"ஏனுங்க, அந்தத் தொட்டிலை அவுத்து வீசிட்டு, கொழந்தை போயிருச்சுன்னு உறைக்கிற மாதிரி சொல்லிப்போடட்டுங்களா?"

நல்ல எண்ணந்தான். ஆனால் அவசரப்பட வேண்டாம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். குழந்தை இல்லை என்பது அவளுக்குத் தெரியுமா? தெரிந்தேதான் தொட்டிலை ஆட்டுகிறாள் என்றால் அது துக்கம், நோய் அல்ல. நடக்க முடியாதவருக்கு ஊன்றுகோல் போல, இப்போது அந்தத் தொட்டில் அவளுக்கு. பலம் வரும் முன்னே கோலைப் பிடுங்கலாமா? பக்கத்தில் உட்காருங்கள். குழந்தையைப் பற்றி அவள் பேசினால் காது கொடுங்கள். அவள் கணவருக்கும் அதே துக்கம், அவரோடும் பேசுங்கள். "சீக்கிரம் இன்னொண்ணு பெத்துக்கோ, மறந்துடும்" என்று சொல்லாதீர்கள். அடுத்த கர்ப்பம் எப்போது என்பதை அந்தத் தம்பதியர் டாக்டரையோ கிராம சுகாதார செவிலியரையோ கேட்டு முடிவு செய்யட்டும்.

"குழந்தை உயிரோடுதான் இருக்கு, யாரோ ஒளிச்சு வெச்சிருக்காங்க" என்று அவள் உறுதியாக நம்பினால் கதை வேறு. அது சிகிச்சை தேவைப்படும் நிலை. அங்கேயும் வாதாடிப் பயனில்லை. உங்களையே எதிரியாக நினைப்பாள். ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்கு அப்படித் தெரியலை, ஆனா நீ தவிக்கிறது புரியுது. டாக்டரைப் பார்க்கலாம் வா, நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள்.

தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்:

1. சோறு, தூக்கம் அடியோடு விட்டுப்போவது.
2. இல்லாத குரல் கேட்பது.
3. சாவைப் பற்றிப் பேசுவது.
4. பிரசவமான சில நாட்களிலேயே தூக்கமின்றிப் பிதற்றுவது. இது அவசரம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்த நிலையிலும் அடிப்பது, பூட்டி வைப்பது, கட்டிப்போடுவது கூடாது. அதன் முடிவை நம் மாநிலமே பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

உதவிக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

அந்தத் தொட்டிலை என்றைக்காவது அவளே அவிழ்ப்பாள். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருங்கள்; அது போதும்.

துக்கத்தில் துணை நிற்போம்! நோய் என்றால் டாக்டரிடம் சேர்ப்போம்!