ஓரளவுக்கும் கணக்கு உண்டு!

வாஷிங் மெஷினின் முகப்பில் ‘ஃபஸி லாஜிக்’ என்று அச்சிட்டிருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். போட்ட துணிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று இயந்திரமே முடிவெடுக்க உதவும் அந்தத் தர்க்க முறையைத் தந்தவர், அஜர்பைஜானில் பிறந்த கணித மேதை லோட்ஃபி ஸாதே.

பாகுவிலிருந்து பெர்க்லி வரை

காஸ்பியன் கடலோர நகரமான பாகுவில் 1921 பிப்ரவரி 4 அன்று பிறந்தார் ஸாதே. அப்பா, ஈரானின் அர்தபீலைப் பூர்விகமாகக் கொண்ட அஜர்பைஜானியர், பத்திரிகையாளர். அம்மா, ஒடெசாவைச் சேர்ந்த யூதப் பெண். குழந்தைகள் நல மருத்துவர். மகனுக்குப் பத்து வயதானபோது குடும்பம் தெஹ்ரானுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அமெரிக்க மிஷனரிகளின் பள்ளியில் படித்து, 1942-இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பட்டம் பெற்றார். உலகப் போர் ஓயாத 1944-இல் அமெரிக்கா சென்றார். எம்.ஐ.டி.யில் முதுகலையும், 1949-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் முடித்தார். 1952-இல் பேராசிரியர் ராகஜினியுடன் சேர்ந்து அவர் வளர்த்தெடுத்த ‘இஸட் உருமாற்றம்’, இன்றும் டிஜிட்டல் சிக்னல் பாடத்தின் அடிப்படை. 1959-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், கடைசிவரை அங்கேயே இருந்தார்.

பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே

பள்ளியில் படித்த கணங்களை நினைத்துப் பாருங்கள். ஓர் உறுப்பு கணத்துக்குள் இருக்கும், அல்லது வெளியே இருக்கும். ‘உயரமானவர்கள்’ என்றொரு கணம் அமைத்து, எல்லையை 180 சென்டிமீட்டர் என்று வைத்தால், 179 சென்டிமீட்டர் ஆள் வெளியே நிற்க வேண்டியதுதான். இது நியாயமா? ஸாதே வேறு வழி சொன்னார். ஒவ்வோர் உறுப்புக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்றுவரை ஒரு மதிப்பு கொடுப்போம். 190 சென்டிமீட்டர்காரருக்கு 1, 179-க்கு 0.8, 165-க்கு 0.2 என்று நம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். மனிதர்கள் அன்றாடம் சொல்லும் ‘ஓரளவு’, ‘கொஞ்சம்’, ‘ரொம்ப’ எல்லாம் இப்படித்தான் கணக்குக்குள் வந்தன. ‘ஃபஸி லாஜிக்’குக்கு அடித்தளமான இந்தக் கருத்தை 1965-இல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாக வெளியிட்டார்.

எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. விண்கலங்களை வழிநடத்தும் ‘கால்மன் வடிகட்டி’யைத் தந்த ருடால்ஃப் கால்மன், 1972-இல் ஒரு கருத்தரங்கில் ஸாதேயின் எதிரிலேயே இதைக் கடுமையாகச் சாடினார். பெர்க்லியிலேயே பணியாற்றிய வில்லியம் கஹானும் இது அறிவியலுக்குக் கேடு என்றார். ஸாதே பகை பாராட்டவில்லை. கருத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

பதிலைச் செயலில் காட்டியவர்கள் பொறியாளர்கள். இந்தியாவில் பொறியியல் படித்த இப்ராஹிம் மம்தானி, 1970-களின் நடுவில் லண்டனில் ஒரு சிறிய நீராவி எஞ்சினை இம்முறையில் இயக்கிக் காட்டினார். ‘அழுத்தம் கொஞ்சம் குறைந்தால், சூட்டைக் கொஞ்சம் கூட்டு’ என்ற பாணியில், அனுபவசாலி ஆப்பரேட்டர் சொல்வது போன்ற விதிகள்தான் அதை இயக்கின. அடுத்து டென்மார்க்கில் சிமென்ட் சூளைக்கு இந்த முறை போனது. 1987-இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில், இதே தர்க்கத்தால் வேகம் கூட்டி, பிரேக் போட்டு, பயணிகள் குலுங்காமல் நின்றது. அதன்பிறகு கேமரா, ஏ.சி., வாஷிங் மெஷின் என ஜப்பானிய நிறுவனங்கள் இதை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தன.

1995-இல் மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ., தன் மிக உயரிய பதக்கத்தை ஸாதேவுக்கு வழங்கியது. 2017 செப்டம்பர் 6 அன்று, 96 வயதில் பெர்க்லியில் காலமானார். அவர் உடல் பிறந்த மண்ணான பாகுவுக்கே கொண்டுசெல்லப்பட்டு, அரசு மரியாதைக்குரியோர் துயிலும் இடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

துல்லியம் அறிவியலுக்கு அவசியம்தான். ஆனால், துல்லியமில்லாத உலகத்தையும் ஒழுங்கான கணிதத்தால் கையாள முடியும் என்று காட்டியதே ஸாதேயின் சாதனை. அவருடைய 1965 கட்டுரை வெறும் 16 பக்கம்தான். கணங்களின் அடிப்படை தெரிந்த கல்லூரி மாணவர்கள், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி அதைப் படித்துப் பாருங்கள்.