தானே எழும் கழிப்பறை இருக்கை: எங்கே வேண்டும், எங்கே கூடாது?

சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே ஓடும் சார்மினார் எக்ஸ்பிரஸில் விடிகிற நேரத்துக்கு வெஸ்டர்ன் கழிப்பறைக் கதவைத் திறக்கும் பெண், முதலில் இருக்கையைத்தான் பார்ப்பார். பெரும்பாலும் அது கீழே படிந்து கிடக்கும். மேலே ஈரம் இருக்கும். அது பைப் தண்ணீரா, சிறுநீரா என்று பார்த்துச் சொல்ல முடியாது. சிலர் அப்படியே திரும்பி, விடுதிக்கோ வீட்டுக்கோ போய்ச்சேரும்வரை அடக்கிக்கொள்வார்கள். சிலர் காகிதத்தைப் பரப்பி உட்காருவார்கள். பலர் உட்காராமலே, கம்பியைப் பிடித்தபடி பாதி குனிந்த நிலையில் முடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இது ரயிலோடு முடிகிற சங்கதி அல்ல. ஹைதராபாத் அமீர்பேட்டையின் பயிற்சி நிலையங்கள், மாதாப்பூர் பக்கத்துச் சிறு அலுவலகங்கள், மருத்துவர் ஒருவர் மட்டும் இருக்கும் கிளினிக்குகள் என, ஆணும் பெண்ணும் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தும் இடங்களில் எல்லாம் இதே நிலைதான். ஆண்கள் நின்றபடி சிறுநீர் கழிக்கும்போது இருக்கையைத் தூக்கிவிடுவதில்லை. அடுத்து வருகிறவருக்கு அது பயன்படாமல் போகிறது.

இதற்குப் பழைய, எளிய தீர்வு ஒன்று உண்டு. இருக்கையின் கீலில் ஒரு ஸ்பிரிங்கை வைத்துவிடுவது. யாரும் உட்காராதபோது இருக்கை தானாக எழுந்து பின்பக்கம் சாய்ந்து நிற்கும். உட்கார வேண்டியவர் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால், உடல் எடை அதைக் கீழே பிடித்து வைக்கும். எழுந்ததும் மறுபடி மேலே போய்விடும். நின்றபடி சிறுநீர் கழிக்கிறவர் எதையும் தொட வேண்டியதில்லை, நினைவில் வைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை.

ஆண்கள் ஏன் தூக்குவதில்லை என்றால் 'பழக்கம் சரியில்லை' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பழக்கத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனால் இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, ஏற்கெனவே நனைந்திருக்கும் இருக்கையைத் தொட யாருக்கும் மனம் வராது. முதலில் வந்தவர் நனைத்துவிட்டால் அன்று முழுக்க அடுத்தடுத்து வருகிறவர்களும் அதையே தொடர்கிறார்கள். இரண்டாவது, தூக்கினாலும் அது நிற்பதில்லை. சாதாரண இருக்கை மேலே நிற்க, நேர்க்குத்து நிலையைத் தாண்டிச் சற்றாவது பின்னால் சாய வேண்டும். அப்போதுதான் அதன் எடையே அதைப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும். நம் கட்டடங்களில் ஃப்ளஷ் டேங்கும் சுவரும் நெருங்கியிருப்பதால் அந்தச் சாய்வு கிடைப்பதில்லை. ரயிலில் சாய்வு கிடைத்தாலும், பெட்டி ஒருமுறை குலுங்கினால் இருக்கை பட்டென்று விழும். ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கிறவர் இன்னொரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

உட்காராமல் குனிந்தபடி கழிப்பதன் விளைவு என்ன என்பதை மருத்துவர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் மகளிர் மருத்துவப் புறநோயாளிகளிடம் நடத்தி 1991இல் வெளியான ஓர் ஆய்வில், பொதுக் கழிப்பறையில் உட்காராமல் குனிந்தபடியே கழிப்பதாக 85 சதவீதம் பெண்கள் சொன்னார்கள். இருக்கையில் நேராக உட்காருகிறவர்கள் வெறும் 2 சதவீதம். குனிந்த நிலையில் சிறுநீர் வெளியேறும் சராசரி வேகம் 21 சதவீதம் குறைந்தது. கழித்து முடித்த பிறகும் பையில் தங்கிவிடும் சிறுநீர் 149 சதவீதம் கூடியது, அதாவது ஏறக்குறைய இரண்டரை மடங்கானது. தொடைத் தசைகள் இறுகியிருக்கும்போது இடுப்புத்தளத் தசைகளும் முழுமையாகத் தளர்வதில்லை என்பதே காரணம். முழங்கால்களை நன்றாக மடித்துக் குந்தும் நம் பழைய இருப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. குந்தவும் இல்லாமல் உட்காரவும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் இந்த நடுநிலைதான் தொல்லை. சிறுநீர் பையில் தேங்குவது தொற்றுக்கு வழிவிடும் காரணங்களில் ஒன்று. இருக்கையைத் தொட்டாலே நோய் வரும் என்ற அச்சம்தான் பரவலாக இருக்கிறது. உண்மையில் காயமில்லாத தோல் வழியாக அப்படி நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. உட்காருவதைத் தவிர்ப்பதில்தான் அதைவிடக் கூடுதலான சிக்கல் இருக்கிறது. ஆனால் நனைந்த இருக்கையைக் காட்டி, 'பயப்படாமல் உட்காருங்கள்' என்று யாரிடமும் சொல்ல முடியாது.

ஸ்பிரிங் செய்யும் வேலை

இந்த இருக்கையில் இருப்பது முறுக்குச் சுருள். துணி காயப்போடும் கிளிப்பில் இருக்கிறதே, அதே வகை. இருக்கை கீழே படியும்போது சுருள் இறுகும். மேலே எழும்போது தளரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளாஸ்டிக் இருக்கை ஒன்றேகால் கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை மையம் கீலிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. படுத்த நிலையில் அதைத் தூக்கச் சுமார் இரண்டரை நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டும். 60 டிகிரி எழுந்துவிட்டால் அதில் பாதி போதும். செங்குத்தாக நின்றுவிட்டால் எதுவுமே வேண்டாம். சுருளின் விசையும் இதே போக்கில்தான் குறைகிறது. இருக்கை கீழே இருக்கையில் சுருள் மிக இறுக்கமாக, மிக வலுவாக இருக்கிறது. எழ எழ வலு குறைகிறது. தேவையும் விசையும் ஒன்றாகவே இறங்குவதால், மோட்டாரோ மின்சாரமோ இல்லாமல் ஒரு கம்பிச் சுருளே இந்த வேலையைச் செய்துவிடுகிறது. சுருளைப் படுத்த நிலையில் மூன்றேகால் நியூட்டன் மீட்டரும், நின்ற நிலையில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும்படி அமைத்தால், முன்விளிம்பில் கால் கிலோவுக்கும் குறைந்த அழுத்தத்தில் இருக்கை இறங்கிவிடும். ஒரு கை விரல்களே போதும்.

சிக்கல் சுருளின் வலு கூடும்போது வருகிறது. தேவைக்கு மேல் இறுக்கிய சுருள், ஆள் எழுந்த அடுத்த நொடியே இருக்கையைத் தூக்கி டேங்கில் மோதவிடும். முதுகில் இடிக்கலாம், ஈரம் தெறிக்கலாம், பீங்கான் டேங்க் விரிசல் விடலாம். இதைத் தடுக்கக் கீலுக்குள் ஒரு தணிப்பான் வேண்டும். பேகம் பஜாரை ஒட்டிய ஃபீல்கானாவின் சானிட்டரி கடைகளில் 'சாஃப்ட் குளோஸ்' என்று விற்கும் இருக்கைகளில் இருப்பது அதுதான். கெட்டியான சிலிக்கான் எண்ணெய்க்குள் ஒரு சிறு தகடு சுழல்வதால் அசைவு மெதுவாகிறது. அங்கே மெல்ல விழுவதற்காக வைத்ததை, இங்கே மெல்ல எழுவதற்காக வைக்க வேண்டும். இருக்கை எழ நான்கைந்து நொடி எடுத்துக்கொண்டால் யாரையும் இடிக்காது.

இந்தச் சுருளைச் சீக்கிரம் கெடுத்துவிடக்கூடியவை ஆசிட்டும் ஆழ்குழாய்த் தண்ணீரும். கிருஷ்ணா, மஞ்சீரா குடிநீர் வந்தாலும், ஹைதராபாத்தின் எத்தனையோ கட்டடங்களில் கழிப்பறைக்குக் கடினமான ஆழ்குழாய்த் தண்ணீர்தான். அது கீலில் உப்புப் படிய வைக்கும். உப்பைப் போக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கிளீனரை ஊற்றுவார்கள். துருப்பிடிக்காத எஃகு என்று நாம் நம்பும் எஃகையும் குளோரைடு குழிகுழியாக அரிக்கும். திறந்திருக்கும் சுருள் இந்தச் சூழலில் நெடுநாள் உழைக்காது. சுருளும் தணிப்பானும் மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்க வேண்டும். கழற்றி மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

பழைய யோசனை, தெளிவான தடை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்கப் பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் இந்த வகை இருக்கைகள் இருந்தன. அவற்றில் சில ஃப்ளஷ்ஷோடு இணைந்தவை. ஆள் உட்கார்ந்தால் இருக்கை இறங்கி ஒரு வால்வைத் திறக்கும். எழுந்தால் தண்ணீர் பாயும். பிறகு அங்கே வேறொரு வழி பரவியது. பொதுக் கழிப்பறைகளில் முன்பக்கம் பிளந்த, லாட வடிவ இருக்கைகளைக் குழாய்ப்பணி விதிகள் கட்டாயமாக்கின. நனைவது பெரும்பாலும் முன்விளிம்பு என்பதால் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். ஜப்பானில் டோட்டோ போன்ற நிறுவனங்கள் பொத்தானை அழுத்தினால் மின்சாரத்தில் எழும் இருக்கைகளை விற்கின்றன. நம் பொதுக் கழிப்பறைகளில் மின்விளக்கே ஒழுங்காக எரிவதில்லை என்பதால், அந்த வழி நமக்கு இப்போதைக்கு உதவாது.

ஆனால் அதே அமெரிக்காவில் இந்த ஸ்பிரிங் இருக்கைக்கு ஓர் இடத்தில் தெளிவான தடை உண்டு. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வெளியான 2010 வடிவமைப்பு விதிகளின் 604.4ஆம் பிரிவு, அணுகல் வசதி உள்ள கழிப்பறையில் தானாக மேலெழும் ஸ்பிரிங் இருக்கை கூடாது என்கிறது. காரணம் எளிது. சக்கர நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து இருக்கைக்கு மாறுகிறவர், ஒரு கையால் கைப்பிடிக் கம்பியையும் மறு கையால் இருக்கையையும் ஊன்றுவார். அந்த நேரத்தில் இருக்கை எழ முயன்றால் அவர் நிலைதடுமாறி விழுவார். முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், கைநடுக்கம் உள்ள முதியவர், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் குழந்தை எல்லோருக்கும் இது பொருந்தும். அவர்களுக்கு வேண்டியது அசையாத இருக்கை. இந்தியாவின் 2021 ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டுதல்கள் இருக்கையின் உயரம் 450 முதல் 480 மில்லிமீட்டர் இருக்கச் சொல்கின்றன. அந்த உயரத்தில் உறுதியாக இருப்பதுதான் அங்கே பாதுகாப்பு.

இதிலிருந்தே இடம் தெளிவாகிறது. பெண்களுக்கு மட்டுமான கழிப்பறையில் ஸ்பிரிங் தேவையே இல்லை. மாற்றுத்திறனாளிகள் கழிப்பறையில் கூடவே கூடாது. ஆண்களுக்குத் தனியாகச் சிறுநீர்த்தொட்டி இருக்கும் இடத்திலும் பெரிய பயன் இல்லை. பலரும் மாறி மாறிப் பயன்படுத்தும் ஒற்றைக் கழிப்பறையில்தான் அது முழுப் பயன் தரும்: ரயில், சிறு அலுவலகம், உணவகம், பெட்ரோல் பங்க். குடும்ப வீட்டுக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் இருக்கையை மேலே விடுவதா, கீழே விடுவதா என்ற சண்டையைப் பொருளாதார அறிஞர் ஜே பில் சோய் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். பயன்படுத்தியபடியே விட்டுவிடுவதுதான் மொத்த உழைப்பைக் குறைக்கும் என்பது அவர் முடிவு. வீட்டில் அப்படிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ரயிலில் யாரோடு பேசுவது?

ஹைதராபாத்தில் என்ன செய்யலாம்

இதைச் சோதித்துப் பார்க்க ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. 2018இல் மாதாப்பூரின் ஷில்பாராமம் அருகே தொடங்கிய 'லூ கஃபே', கஃபே வருமானத்தைக் கொண்டு இலவசக் கழிப்பறையை நடத்தலாம் என்று காட்டியது. 2020இல் மாநகராட்சி 3,000 புதிய பொதுக் கழிப்பறைகளுக்குத் திட்டமிட்டது. கழிப்பறைப் பீங்கான் தயாரிக்கும் ஹிந்த்வேர் ஆலை ஒன்று நகரை ஒட்டிய பீபிநகரில் இருக்கிறது. தண்ணீர், துப்புரவு தொடர்பான புதுமைகளை வளர்க்கவென்றே இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி இங்கே ஒரு மையம் நடத்துகிறது. ரயில் பெட்டிகள் முழுப் பராமரிப்புக்கு வரும் லல்லகுடா பட்டறை செகந்திராபாத்திலேயே இருக்கிறது.

பட்டறைக்கு வரும் சில பெட்டிகளின் வெஸ்டர்ன் கழிப்பறைகளில் தணிப்பான் வைத்த ஸ்பிரிங் கீலைப் பொருத்தி, சில மாதம் ஓடவிட்டுப் பார்க்கலாம். பார்க்க வேண்டியது இரண்டுதான்: இருக்கை உலர்ந்திருக்கிறதா, பெண் பயணிகள் உட்காருகிறார்களா. கூடவே, இருக்கையின் மேல் ஏறிக் குந்துகிறவர்களுக்கு ஆபத்து உண்டா என்றும் பார்த்தாக வேண்டும். ஒரு காலை எடுக்கும்போது இருக்கை எழத் தொடங்கினால் சறுக்கும். இருக்கை மேலே நிற்பதால் பீங்கான் விளிம்பில் நேராக ஏறிக் குந்தினாலோ, உடைந்த பீங்கான் ஆழமாக வெட்டிவிடும். பெரும்பாலான பெட்டிகளில் இந்தியப் பாணிக் கழிப்பறையும் இருப்பதால், ஏறிக் குந்துகிறவர்களை அந்தப் பக்கம் அனுப்பும் தெளிவான படக்குறிப்பு கதவிலேயே வேண்டும்.

இந்தப் பேச்சில் நாம் மறந்துவிடுகிற ஒருவர் துப்புரவுப் பணியாளர். யாரோ ஒருவர் தூக்க மறுத்த இருக்கையை ஒரு நாளைக்கு எத்தனையோ முறை கையால் தூக்கி, துடைத்து, திரும்பப் போடுகிறவர் அவர்தான். கையுறைகூடப் பல இடங்களில் தரப்படுவதில்லை. இருக்கை தானே எழுந்து நின்றால், அடிப்பக்கமும் விளிம்பும் கண்ணுக்கு நேராக வந்துவிடும். தண்ணீர் பீய்ச்சினால் போதும். ஈரம் வழிந்து தொட்டிக்குள்ளேயே போய்விடும். ஹெல்த் ஃபாசெட்டைப் பயன்படுத்தும்போது இருக்கையில் தெறிக்கும் தண்ணீரும் அப்படித்தான் வடியும். அவருடைய கைக்கு ஒரு வேலை குறையும் என்பதே இதைச் செய்து பார்க்கப் போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

அலுவலகத்திலோ கிளினிக்கிலோ இதைப் பொருத்த நினைப்பவர்கள், வாங்கும் முன் பிளம்பரை விட்டு, இருக்கைக்கும் டேங்குக்கும் உள்ள இடைவெளியை அளக்கச் சொல்ல வேண்டும். இருக்கை நிற்காமல் விழுவது டேங்க் நெருக்கத்தால் மட்டும் என்றால் ஸ்பிரிங்கே வேண்டியதில்லை. மூடியைக் கழற்றிவிட்டாலே அந்தத் தடிமன் அளவுக்கு இடம் கிடைத்து, இருக்கை பின்னால் சாய்ந்து நிற்கும். மூடி இல்லாத இருக்கையைச் சுத்தம் செய்வதும் சுலபம்.