'சவர்ணர்' என்னும் சொல்: பொருளும் பயன்பாடும்

சாதியைக் குறித்த இறையியல் எழுத்துகளில் 'சவர்ணர்' என்னும் சொல்லை நாம் அடிக்கடி காண்கிறோம். சிலர் இதனைப் 'பிராமணர்' என்பதன் மறுபெயராகக் கொள்கின்றனர். சிலர் வசைச்சொல்லாக ஆளுகின்றனர். வேறு சிலரோ, இது இந்து சமுதாயத்துக்கு உரியது, திருமுழுக்குப் பெற்றோரைச் சாராது என்பர். இக்கருத்துகள் பொருந்துமா என ஆராய்வோம்.

1. சொல்லின் பொருள்

வடமொழியில் 'ஸ' என்னும் முன்னொட்டு 'ஒத்த' என்றும் 'உடன்கூடிய' என்றும் இருபொருள் தரும். பழைய நூல்களில் முதற்பொருளையே பெரிதும் காண்கிறோம். பாணினியின் இலக்கணத்தில், வாயின் ஒரே இடத்தில் ஒரே முயற்சியால் பிறக்கும் எழுத்துகள் 'ஸவர்ணம்' எனப்படும். அகரமும் ஆகாரமும் அத்தகையன. ஆகவேதான் 'தேவ', 'ஆலயம்' என்பன இணைந்து 'தேவாலயம்' ஆகின்றன. தரும சாத்திரங்களில், கணவனின் வருணத்தையே சேர்ந்த மனைவி 'ஸவர்ணை' ஆவாள்.

இரண்டாம் பொருளின்படி, வருணத்தை உடையோர் சவர்ணர்; நால்வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டோர் அவர்ணர். அம்பேத்கர் இப்பாகுபாட்டைத் தம் எழுத்துகளில் எடுத்தாண்டுள்ளார். இதன்படி சூத்திரரும் சவர்ணரே. பிராமணருக்கு முன் தாழ்ந்தவராக எண்ணப்பட்டவர், தீண்டத்தகாதோர் எனப்பட்டவருக்கு முன் உயர்ந்தவராக நிற்கிறார். எனவே இச்சொல் பிராமணரை மட்டும் குறிப்பதன்று.

2. திருவிதாங்கூரில் வழக்கு

இச்சொல் பொதுவாழ்வில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று திருவிதாங்கூர். கன்னியாகுமரி மாவட்டமும் 1956இல் தமிழகத்தோடு இணையுமுன் அதன் பகுதியாயிருந்தது. வைக்கம் கோயிலைச் சுற்றிய சாலைகளில் அவர்ணர் நடப்பதற்கிருந்த தடையை எதிர்த்து, 1924 மார்ச் 30 அன்று சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பரில், நாயர் தலைவரான மன்னத்து பத்மநாபன் சவர்ணர் குழுவொன்றை வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடத்திச் சென்றார். சாலைகளை யாவருக்கும் திறக்கவேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. 'சவர்ண ஜாதா' என்று அந்நடைப்பயணம் பெயர் பெற்றது. தம் பிறப்பால் கிடைத்த உரிமையை அறிந்து, அதனைத் தமக்கு மட்டும் வைத்துக்கொள்ள மறுத்தவர்களையும் இச்சொல் குறித்தது. ஆகவே இது வசைச்சொல்லும் அன்று. ஒருவர் நிற்கும் இடத்தைக் காட்டும் சொல்லாகும்.

3. திருச்சபையும் இச்சொல்லும்

அவர்ணருக்கு அடைபட்டிருந்த வைக்கம் சாலைகளில் கிறிஸ்தவர் நடக்கத் தடையில்லை. ஆயினும், ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து திருச்சபைக்குள் வந்தோர் அங்கும் ஒதுக்கப்பட்டனர். பொய்கையில் யோகன்னான் அவ்வேதனையோடு சபைகளை விட்டு விலகி, 1909இல் பிரத்தியட்ச இரட்சா தெய்வ சபையை நிறுவினார். தமிழகத்தில், 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை ஒழிக்கக் கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். திருமுழுக்கு அவர்களது பெயரை மாற்றியிருந்தது. அமரும் இடத்தை மாற்றவில்லை. எனவே மூன்றாம் கருத்தும் நிலைபெறாது.

4. பயன்பாடு

போதகர் இச்சொல்லை ஆளும்போது, 'யாருக்கு முன் சவர்ணர்?' என்று முதலில் கேட்கவேண்டும். அரசின் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோராய் இருப்பவரும், தம் ஊரில் ஒடுக்கப்பட்டோருக்கு முன் சவர்ணராக நடக்கக்கூடும். ஓரிடத்தில் அவமதிப்புற்றவரே மற்றோரிடத்தில் அவமதிப்பவராகலாம்.

அடுத்து, பிறரைச் சுட்டுமுன் நம்மையே சோதித்தறிய வேண்டும். சபை ஊழியத்தில் நாம் எத்தனையோ திருமண ஓலைகளை வாசித்திருக்கிறோம். மணமக்கள் ஒரே சாதியினர் என்பதைக் கேளாமலே அறிந்திருந்தோம். 'தடை ஏதேனும் உண்டோ?' என்று சபையாரைக் கேட்டோமேயன்றி, சாதி மாறி மணந்துகொள்ளத் தடையாயிருப்பது எது என்று ஒருமுறையும் கேட்டதில்லை. சாத்திரங்கள் கூறிய 'ஸவர்ணை' என்னும் பழம்பொருள் நமது ஓலையில் இன்னும் உயிரோடிருக்கிறது. கலாத்தியர் 3:28ஐ அருளுரையில் விளக்கிய அதே ஞாயிறன்று, அந்த ஓலையையும் வாசித்து முடித்தோம்.

இச்சொல்லைப் பிரசங்க பீடத்திலிருந்து சபையாரை நோக்கிச் சொல்வது எளிது. விவாகப் பதிவேட்டையும் கல்லறைத் தோட்டத்தையும் அதன்முன் வைத்துப் பார்ப்பது அரிது. அங்கிருந்து தொடங்குவதே நமது கடமையாகும்.