ஃபைப்ரோமையால்ஜியா: ஒரே நேரத்தில் இரு வேலைகள் செய்யப் பெண்கள் தடுமாறுவது ஏன்?

உடல் முழுவதும் நீடிக்கும் வலி, ஓய்வெடுத்தாலும் தீராத சோர்வு, உறங்கி எழுந்த பின்னும் புத்துணர்வற்ற நிலை ஆகியவை ஃபைப்ரோமையால்ஜியா எனப்படும் தசை வலி நோயின் முக்கிய அறிகுறிகளாகும். இவற்றுடன், தொலைபேசியில் பேசிக்கொண்டே சமைப்பது, யோசித்தவாறே படியிறங்குவது போன்ற செயல்களில் தடுமாற்றம் ஏற்படுவதாகவும் இந்நோயால் பாதிக்கப்பட்ட பெண்கள் பலர் கூறுகின்றனர். இது அலட்சியத்தால் நேர்வதல்ல. மூளையின் செயல்பாட்டுடன் தொடர்புடையது என்பதை ஆய்வுகள் உணர்த்துகின்றன.

பரிசோதனையில் தெரியாத நோய்

உலக மக்கள்தொகையில் சுமார் 2 முதல் 4 சதவீதம் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடமே இது அதிகம் கண்டறியப்படுகிறது. ரத்தப் பரிசோதனையிலோ எக்ஸ்ரேயிலோ இந்நோய் புலப்படாது. இதனால், உடலில் குறை ஏதுமில்லை என்று கூறப்பட்டு, பலர் உரிய சிகிச்சையின்றி நீண்ட காலம் அவதிப்படுகின்றனர்.

அமெரிக்க வாதநோயியல் கல்லூரி 1990-ஆம் ஆண்டு வெளியிட்ட வரையறை, உடலின் 18 இடங்களில் குறைந்தது 11 இடங்களை அழுத்தும்போது வலி இருக்க வேண்டும் என்றது. 2010-இல் வெளியான புதிய வரையறையில் சோர்வு, உறக்கக் குறைபாடு ஆகியவற்றுடன் நினைவாற்றல், கவனம் சார்ந்த சிக்கல்களும் அறிகுறிகளாகச் சேர்க்கப்பட்டன. 'மூளை மூட்டம்' என்று நோயாளிகள் குறிப்பிடும் நிலைக்கு அதன்மூலம் மருத்துவ அங்கீகாரம் கிடைத்தது.

மூளையில் நிகழ்வது என்ன?

அமெரிக்காவில் 16 நோயாளிகளையும் நோயற்ற 16 பேரையும் ஒப்பிட்டு நடத்தப்பட்ட ஆய்வு 2002-இல் வெளியானது. அதில் கட்டைவிரலில் அழுத்தம் கொடுக்கப்பட்டு, எஃப்எம்ஆர்ஐ கருவி மூலம் மூளை படம்பிடிக்கப்பட்டது. நோயற்றவர்களுக்கு அதிக அழுத்தம் கொடுத்தபோது தூண்டப்பட்ட வலி சார்ந்த மூளைப் பகுதிகள், நோயாளிகளுக்குக் குறைந்த அழுத்தத்திலேயே தூண்டப்பட்டன. வலிச் சமிக்ஞைகளை நரம்பு மண்டலம் பெரிதாக்கிக் காட்டுகிறது என்ற கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

மனிதரின் கவனம் எல்லைக்கு உட்பட்டது. நடத்தல் போன்ற பழகிய செயல்களுக்குப் பொதுவாகச் சிறிதளவு கவனமே போதும். எஞ்சிய கவனத்தைக் கொண்டு பேசவோ கணக்கிடவோ முடிகிறது. இவ்வாறு கவனத்தைப் பங்கிடுவதில் மூளையின் முன்பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. வலியோ, கவனத்தைத் தன்பால் ஈர்க்கும் இயல்புடையது. ஓயாத வலி கவனத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதால், இரண்டாவது வேலைக்குப் போதிய கவனம் எஞ்சுவதில்லை என்பதே ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று.

ஸ்பெயினின் எக்ஸ்ட்ரீமதுரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்நோயுள்ள பெண்கள் உடலியக்கத்தையும் மனப்பயிற்சியையும் ஒருசேரச் செய்யும் 'இரட்டைப் பணி' சோதனைகளை நடத்தி வருகின்றனர். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி முறையும் இத்தகைய ஆய்வுகளில் பயன்படுத்தப்படுகிறது. எனினும், இவ்வகை ஆய்வுகள் பெரும்பாலும் சிறு குழுக்களில் நடத்தப்பட்டவை என்பதால், ஸ்கேன் மூலம் நோயை உறுதிசெய்யும் நிலை இன்னும் உருவாகவில்லை.

வீட்டுப் பணிச்சுமை

இந்தியப் பெண்களின் அன்றாட வாழ்வில் இது முக்கியத்துவம் பெறுகிறது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அவற்றுக்குச் செலவிட்டனர். அடுப்பையும் குழந்தையையும் ஒருசேரக் கவனிக்க வேண்டிய சூழலில், கவனச் சிதறல் தீக்காயத்துக்கோ தவறி விழுவதற்கோ வழிவகுக்கலாம்.

செய்ய வேண்டியவை

தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, முடக்குவாதம் போன்றவையும் இதையொத்த அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால், முதலில் மருத்துவரை அணுகுவது அவசியம். ஐரோப்பிய வாதநோய் கூட்டமைப்பு 2016-இல் திருத்திய பரிந்துரைகளில், வலுவாகப் பரிந்துரைக்கப்பட்ட ஒரே சிகிச்சை உடற்பயிற்சியாகும். நடைப்பயிற்சி போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக அதிகரிக்கலாம். பிரீகாபலின், டுலோக்செட்டின் போன்ற மருந்துகள் சிலருக்குப் பலனளிக்கின்றன. ஆனால் மயக்கம், தூக்கக் கலக்கம் போன்ற பக்கவிளைவுகள் ஏற்படலாம் என்பதால், மருத்துவர் ஆலோசனையின்றி அவற்றை உட்கொள்ளக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்வது, நினைவில் வைக்க வேண்டியவற்றை எழுதி வைப்பது, படியிறங்கும்போதும் சூடான பாத்திரத்தைக் கையாளும்போதும் பேச்சைத் தவிர்ப்பது, குறித்த நேரத்தில் உறங்குவது ஆகியவை அன்றாடத் தடுமாற்றத்தைக் குறைக்க உதவும். கண்ணுக்குத் தெரியாத இந்நோயை உண்மையென ஏற்று, வேலைகளைக் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்வதும் நோயாளிக்குப் பேருதவியாக அமையும்.