மூன்று குழந்தைகள், ஒரே வண்டி!

சிறிய வீட்டுக்கு ஏற்ற தள்ளுவண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2009-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஆஸ்திரேலியாவில் உள்ள மெல்பர்ன் நகரம். அங்கே ஒரு ரெயில் நிலையத்தில், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டு ஒரு தாய் நின்றாள்.

கைப்பிடியில் இருந்து ஒரு கணம் கையை எடுத்தாள். அவ்வளவுதான்! வண்டி தானாக உருண்டது. பிளாட்பாரத்தின் விளிம்பைத் தாண்டித் தண்டவாளத்தில் விழுந்தது. தாய் பாய்ந்து ஓடினாள். எட்டவில்லை.

அதே நேரத்தில் ரெயில் வந்து விட்டது! வண்டியை மோதி, இழுத்துக் கொண்டே போய் நின்றது.

நிலையத்தில் இருந்தவர்கள் பதறினார்கள். ஆனால், என்ன அதிசயம்! குழந்தை உயிருடன் இருந்தது. நெற்றியில் ஒரு வீக்கம் மட்டுமே!

குழந்தை வாரினால் வண்டியோடு சேர்த்துக் கட்டப்பட்டு இருந்தது. நிலையத்துக் காமிராவில் பதிவான அந்தக் காட்சியைப் பார்த்து உலகமே திடுக்கிட்டது.

தள்ளுவண்டி என்பது நிறத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கும் பொருள் அல்ல. அதில் நம் பிள்ளையின் உயிர் இருக்கிறது.

எங்கே நிறுத்துவது?

சிங்கப்பூரில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது கட்டிய வீடுகளில்தான் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலவும் குடியிருக்கின்றன.

அப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு கூடம், இரண்டு படுக்கை அறை, ஒரு சமையல் அறை. தாய், தந்தை, பாட்டி. மூன்று வயதில் ஒரு பெண். ஒன்றரை வயதில் ஒரு பையன். இரண்டு மாதத்தில் ஒரு கைக்குழந்தை.

"இரட்டை வண்டி ஒன்று வாங்கி விடலாமா, அத்தை?" என்று மருமகள் கேட்கிறாள்.

"வாங்கலாம், அம்மா. அதை எங்கே நிறுத்தப் போகிறாய்? அடுப்படியிலா, என் கட்டிலிலா?" என்கிறாள் மாமியார்.

கேலிதான். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி!

"வாசலில் வராந்தா இருக்கிறதே, அங்கே நிறுத்தலாமே!" என்று சிலர் நினைப்பார்கள். பல குடும்பங்கள் நடமாடும் வராந்தா அது. தீப்பிடித்தால் எல்லோரும் அந்த வழியாகத்தான் ஓட வேண்டும். ஆகையால் வராந்தாவில் 1.2 மீட்டர் அகலத்துக்கு, அதாவது சுமார் 4 அடிக்கு, வழி விட்டு வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். குறுகிய வராந்தாவில் பெரிய வண்டியை நிறுத்தினால், அது பக்கத்து வீட்டாரின் உயிர் வழியை அடைப்பதாகும்.

முதலில் அளவு நாடா!

கடைக்குப் போகும் முன்பு அளவு நாடாவை எடுங்கள். நான்கு இடங்களை அளந்து ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள்.

ஒன்று, வீட்டு வாசல். இரும்புக் கதவு முழுவதும் திறந்த பிறகு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை அளக்க வேண்டும்.

இரண்டு, லிப்ட்டின் கதவும் உள் ஆழமும். பழைய கட்டிடங்களில் லிப்ட் எல்லா மாடிகளிலும் நிற்காமல் இருந்தது. 2001-ம் ஆண்டில் தொடங்கிய லிப்ட் மேம்பாட்டுத் திட்டத்தினால் பெரும்பாலான கட்டிடங்களில் இந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனாலும் லிப்ட்டின் அளவு இடத்துக்கு இடம் மாறும்.

மூன்று, வண்டியை மடித்து வைக்கும் மூலை. நான்கு, நீங்கள் அடிக்கடி போகும் கடையின் நடைவழி.

இந்தத் தாள் கையில் இருந்தால், விற்பவரின் பேச்சில் மயங்க மாட்டீர்கள்.

பக்கத்தில் பக்கமா? முன்னும் பின்னுமா?

இரண்டு குழந்தைகளுக்கான வண்டியில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையில் இருவரும் பக்கத்தில் பக்கம் உட்காருவார்கள். இது பெரும்பாலும் 70 முதல் 80 சென்டி மீட்டர் அகலம் இருக்கும். இருவருக்கும் காற்றும் வேடிக்கையும் சமமாகக் கிடைக்கும். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால், குறுகிய வாசலில் மாட்டிக் கொள்ளும்.

இரண்டாவது வகையில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் உட்காருவார்கள். அகலம் ஒற்றை வண்டி அளவுதான். வாசலில் எளிதாக நுழையும். ஆனால் நீளம் அதிகம். சிறிய லிப்ட்டில் திருப்ப முடியாது. நடைமேடையின் விளிம்பில் ஏற்றுவதும் சிரமம்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. ஒற்றை வண்டியின் பின்னால், சிறு சக்கரம் வைத்த ஒரு பலகையை மாட்டுவது. மூத்த குழந்தை அதன் மேல் நின்று கொண்டு வரும். பலகையைக் கழற்றி வைக்க அதிக இடம் வேண்டாம். அதற்கு முன், அந்தப் பலகை எந்த வயதுக்கு, எத்தனை கிலோ எடைக்கு என்று பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்றும் கேட்க வேண்டும்.

விமானத்தில் பிறந்த வண்டி!

இன்று உலகம் முழுவதும் ஓடும் மடக்கு வண்டி, போர் விமானத்தோடு உறவு உடையது!

இங்கிலாந்தில் ஓவன் மக்லாரன் என்று ஒரு என்ஜினீயர் இருந்தார். புகழ் பெற்ற 'ஸ்பிட்பயர்' போர் விமானத்தின் சக்கர அமைப்பை வடிவமைப்பதில் பங்கு பெற்றவர். பறக்கும்போது சக்கரம் மடங்க வேண்டும்; இறங்கும்போது நீள வேண்டும்; எடையும் குறைவாக இருக்க வேண்டும். அந்த வித்தை அவருக்குக் கைவந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவர் பேரக் குழந்தைக்கான வண்டியைப் பார்த்தார். கனமான வண்டி. அதைத் தூக்கிக் கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும் பாடு என்று கண்டார். உடனே அலுமினியக் குழாய்களைக் கொண்டு, குடையைப் போல் மடங்கும் ஒரு வண்டியை அமைத்தார். எடை 6 பவுண்டு. அதாவது 3 கிலோவுக்கும் குறைவு! 1965-ம் ஆண்டில் அதற்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1967-ம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது.

சிறிய வீட்டுக்காரர்களுக்கு அவர் செய்த உதவி சாமானியமானது அல்ல.

விரலைக் காப்பாற்றுங்கள்!

மடங்கும் வண்டியில் ஓர் ஆபத்தும் உண்டு. மடங்கும் மூட்டில் பிஞ்சு விரல் மாட்டினால், நறுக்கி விடும்!

2009-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் மடக்கு வண்டிகள் இந்தக் காரணத்தால் திரும்ப அழைக்கப்பட்டன. 12 குழந்தைகள் விரல் நுனியை இழந்ததாகப் புகார்கள் வந்திருந்தன. மூட்டுகளை மூடுவதற்கு உறைகள் கொடுக்கப்பட்டன.

எனவே வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளைகள் இரண்டு அடி தள்ளி நிற்கட்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பூட்டு சரியாக விழுகிறதா, வார் இற்றுப் போயிருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மாதிரி வண்டி எப்போதாவது திரும்ப அழைக்கப்பட்டதா என்றும் விசாரிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. கைப்பிடியில் காய்கறிப் பையைத் தொங்க விடாதீர்கள். பாரம் பின்னால் இழுத்து, வண்டி மல்லாந்து விடும். கனமான சாமான்களை இருக்கைக்குக் கீழே உள்ள கூடையில் வைப்பதே நல்லது. எஸ்கலேட்டர் படியில் வண்டியை ஏற்றவே கூடாது. லிப்ட் வரும் வரை காத்திருங்கள்.

வெயிலுக்குத் துணி போடலாமா?

வெயில் நாடுகளில் தாய்மார்கள் வண்டியின் மேல் மெல்லிய துணியைப் போர்த்துவது வழக்கம். நிழல் கிடைக்கும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் காற்று அடைபட்டு உள்ளே புழுங்கும்.

சிட்னி பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்து 2023-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். உலர்ந்த துணியைப் போர்த்தியபோது வண்டிக்குள் வெப்பம் 2.6 டிகிரி கூடியது. ஈரத் துணியோடு சிறு விசிறியும் வைத்தபோது 4.7 டிகிரி குறைந்தது!

ஆகையால் காற்று நன்றாகப் போய் வரும் வண்டியாக, அகலமான கூரை உள்ளதாகப் பாருங்கள். உலர்ந்த துணியால் மூடாதீர்கள். குழந்தையின் மார்பையும் கழுத்தையும் அடிக்கடி தொட்டுப் பாருங்கள்.

பஸ்ஸில் போகும்போது

முன்பு சிங்கப்பூர் பஸ்களில் வண்டியை மடித்துத்தான் ஏற வேண்டும். ஒரு கையில் குழந்தை, மறு கையில் வண்டி, தோளில் பை! 2017-ம் ஆண்டு ஏப்ரல் முதல், விரித்த வண்டியோடு ஏறலாம் என்று அனுமதி வந்தது.

ஆனால், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கே முதல் இடம். கூட்டம் அதிகமானால் வண்டியை மடிக்க நேரிடும். எனவே கடையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு, ஒரே கையால் வண்டியை மடியுங்கள். முடிந்தால் வாங்கலாம். முடியாவிட்டால், விற்பவர் என்ன சொன்னாலும் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

எதை வாங்கலாம்?

அந்த மூன்று குழந்தைகள் வீட்டுக்கு இரட்டை வண்டி தேவையா? தேவை இல்லை!

கைக்குழந்தை இரண்டு மாதம். தானாக உட்கார ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதுவரை நிமிர்ந்த இருக்கையில் வைக்கக் கூடாது. தாய் அதை மார்போடு துணியில் கட்டிக் கொள்ளலாம். குழந்தையின் முகம் எப்போதும் தாயின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதன் மோவாய் மார்பில் அழுந்தக் கூடாது. மூச்சு முட்டும்!

ஒன்றரை வயதுப் பையன் வண்டியில் உட்காருவான். மூன்று வயதுப் பெண் பின்பலகையில் நிற்பாள். அலுத்தால் பாட்டி கையைப் பிடித்து நடப்பாள்.

ஆறு மாதம் போகட்டும். கைக்குழந்தை வண்டிக்கு வந்து விடும். பையனுக்கு இரண்டு வயது ஆகிப் பலகைக்கு மாறுவான். மூத்தவள் நடந்தே வருவாள். வண்டி மாறவில்லை, பிள்ளைகள்தான் ஒவ்வொரு படியாக மாறுகிறார்கள்!

ஆகவே, இன்றைய தேவையோடு அடுத்த ஆண்டின் தேவையையும் எண்ணி வாங்குங்கள். இரட்டைப் பிள்ளைகள் என்றால் கணக்கு வேறு. அங்கே இரண்டு இருக்கை கட்டாயம் வேண்டும். பிறந்த குழந்தைகள் என்றால், இரண்டும் படுக்கையாகச் சாய வேண்டும்.

மறக்கக் கூடாத இரண்டு

எந்த வண்டி வாங்கினாலும் இரண்டு பழக்கங்களை விடாதீர்கள்.

உட்கார வைத்தவுடன் வாரைக் கட்டுங்கள். நின்றவுடன் பிரேக்கைப் போடுங்கள். ஒரு நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள். மெல்பர்ன் தாய் கையை எடுத்தது ஒரு நிமிடம் கூட இல்லை.

"வண்டி சின்னதாக இருந்தால் என்ன, அம்மா? பிள்ளைகள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தால் போதும்" என்பாள் அந்தப் பாட்டி.

அதை விட வேறு என்ன வேண்டும்?