எழுத்துக் கூட்டத் தெரிந்த பிறகு

பையன் ரெண்டாம் வகுப்பு வந்துவிட்டான், எழுத்துக் கூட்டி வாசிக்கிறான், இனி கதைப் புத்தகத்தை அவனே வாசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டதாகச் சொன்னீர்களே சார், அதைக் கொஞ்சம் பேசுவோம். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

எழுத்துக் கூட்டுவது ஒரு வேலை. கதையைப் பிடித்துக்கொண்டு போவது இன்னொரு வேலை. ஏழு வயதில் முதல் வேலைக்கே முழுக் கவனமும் செலவாகிவிடும். அதிலும் நம் மொழியில் 'ஓடிக்கொண்டிருந்தார்களாம்' என்று ஒரே சொல் அரை வரிக்கு நீளும். விரல் வைத்து அதைத் தாண்டுவதற்குள் ஓடியது யார் என்பது மறந்துபோகும். வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வருவதால், அதுவரை முதல் சொல்லை நினைவில் வைத்திருக்கவும் வேண்டும். போதாததற்கு, பல்லுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே 'ப'. ஏற்கெனவே காதில் விழுந்த சொல்லாக இருந்தால்தான் அதைச் சரியாக உச்சரிக்கவே முடியும்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. வீட்டில் அவன் கேட்கிற தமிழ் வேறு, அச்சில் இருக்கிற தமிழ் வேறு. 'வந்தாங்க' என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை 'வந்தார்கள்' என்பதை எப்படியோ பிடித்துக்கொள்ளும். 'எனினும்', 'ஆகையால்', 'கண்ணுற்றான்' எல்லாம் யார் வீட்டில் புழங்குகின்றன? டிவி செய்தியில் கேட்கலாம்தான். எந்தப் பிள்ளை செய்தி பார்க்கிறது? ராத்திரி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற பத்து நிமிடத்தில்தான் அந்த நடை அவன் காதில் ஏறும். ஆகவே, புத்தகத்தில் இருப்பதைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லாமல், இருக்கிறபடியே வாசியுங்கள். முதல் நாலு நாள் நெளிவான். பிறகு பழகிவிடும்.

அமெரிக்காவில் ஜிம் டிரிலீஸ் என்று ஒருவர். ஆசிரியர் இல்லை, பத்திரிகை அலுவலகத்தில் ஓவியராகவும் எழுத்தாளராகவும் இருந்தவர். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதைப் பற்றி 1979-இல் கைக்காசு போட்டு ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1982-இல் பெங்குவின் அதை விரிவாகக் கொண்டுவந்தது, நன்றாக விற்றது. காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனைவிட எப்போதும் முன்னால் நிற்கும், எட்டாம் வகுப்பு வாக்கில்தான் இரண்டும் சமமாகும் என்பது அவர் வாதம். உங்கள் பையன் தானாக வாசிக்கக்கூடியது பூனை பால் குடித்த கதை. கேட்டு ரசிக்கக்கூடியதோ திருடனும் காடும் கடலும் வருகிற முழு நாவல். முதலாவது மட்டுமே கிடைத்தால், புத்தகம் என்றால் பூனையும் பாலும்தான் என்று அவன் முடிவு கட்டிவிட மாட்டானா?

கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?' என்று மட்டும் கேட்காதீர்கள். அதைப் பள்ளிக்கூடம் போதுமான அளவு கேட்கிறது.

எந்தப் புத்தகம் என்று என்னிடம் கேட்பதைவிட அவனிடம் கேளுங்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் வேண்டும் என்பது இரண்டாவது; நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் வேண்டும் என்பது மூன்றாவது. அலமாரியைப் பூட்டி வைக்காமல், வாசகர் தாமே தேடி எடுக்கும்படி திறந்து வைக்கச் சொன்னவரும் அவர்தான். வீட்டு அலமாரிக்கும் இது பொருந்தும். பையன் காமிக்ஸ் எடுத்தால் விட்டுவிடுங்கள். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து கை மட்டும் தெரியும் அந்த ஆசாமியைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்தவர்கள் இன்றைக்குத் தாத்தாக்கள். தலையணை மாதிரி நாவல்களை வாசிக்கிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். எடுத்த புத்தகத்தைப் பாதியில் போட்டாலும் திட்ட வேண்டாம். நாம் மட்டும் எல்லாவற்றையும் முடிக்கிறோமா?

வேலை முடிந்து வீடு திரும்பவே ஒன்பதாகிறது என்கிறீர்கள். சரி, பாட்டி இருக்கிறார்களே, கண்ணாடி போட்டால் வாசிப்பார்கள் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை உங்கள் முறை. விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போங்கள், மிச்சத்தை அவன் திருட்டுத்தனமாகப் புரட்டுகிறானா என்று பார்ப்போம்.