பாங்கியின் இரு பேரேடுகள்

லாகூரில் 1895-ல் முழுதும் சுதேசி மூலதனத்தைக் கொண்டு தொடங்கிய பஞ்சாப் நேஷனல் பாங்கிக்கு, 2018 பிப்ரவரியில் நேர்ந்த அவமானத்தை நேயர்கள் மறந்திரார். பம்பாய்க் கிளையொன்றில் சுமார் 11,400 கோடி ரூபாய் மோசடி என முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் தொகை இன்னும் உயர்ந்தது.

பூட்டை உடைத்தார் எவருமிலர். வெளிநாடுகளிலுள்ள பாங்கிக் கிளைகளுக்கு உத்தரவாதச் செய்தி அனுப்பும் ‘ஸ்விப்ட்’ கம்ப்யூட்டர் ஒன்று. கணக்கு வைக்கும் கம்ப்யூட்டர் வேறொன்று. இரண்டுக்கும் இணைப்பில்லை. செய்தி போயிற்று, பேரேட்டில் பற்றெழுதப்படவில்லை. அதே ஆசனத்தில் ஓர் உத்தியோகஸ்தர் மாற்றலின்றிப் பல வருஷம் வீற்றிருந்தார். 2018 ஜனவரியில் முழு ரொக்க ஈடு கேட்கப்பட்டபோது, முன்பெல்லாம் ஈடின்றியே பெற்றோமென்று கட்சிக்காரர் வாதித்தனர். அதன் பிறகே குட்டு வெளிப்பட்டது. தணிக்கையாலன்று, கட்சிக்காரரின் துணிவால்!

2016 ஆகஸ்டு முதல் மும்முறையேனும் எச்சரித்ததாக ரிஸர்வ் பாங்கி கூறிற்று. மெய்யாகலாம். ஆயினும் இரண்டையும் இணைக்க 2018 ஏப்ரல் 30 எனக் கெடு பிறந்தது, பணம் போன பின்னரே. பாங்கியின் பெரும்பாலான பங்குகள் ஸர்க்காருடையவை; ஆகவே நஷ்டம் குடிகளுடையது. ஸ்விப்ட் செய்திகளும் பேரேடும் தினந்தோறும் ஒத்துப் பார்க்கப்படுகின்றனவா என்பதை ஒவ்வொரு ஸர்க்கார் பாங்கியின் நிர்வாக சபையும் வருஷ அறிக்கையில் கையொப்பமிட்டுத் தெரிவிக்கவேண்டுமெனக் கோருகிறோம்.